கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊருக்குப் போனால்: திருச்சி லேபும் மருந்துக்கடையும்

கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து லீவில் வருகிறவர்கள் பலர், அப்படியே ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் ஒரு லிப்பிட் டெஸ்ட்டும் எடுத்துவிடுகிறார்கள். திருச்சி தில்லைநகரில் லேபுக்குப் பஞ்சமில்லை. முந்தின நாள் போன் செய்தால் காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் பெரும்பாலும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழப்பமெல்லாம் ரிப்போர்ட்டைப் பிரித்த பிறகுதான்.

கொழுப்பின் அளவை அங்கே மில்லிமோலில் போடுவார்கள், இங்கே மில்லிகிராமில். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 1.8 என்று பார்த்துப் பழகியவருக்கு 70 என்று வந்தால் தூக்கிவாரிப்போடும், இரண்டும் ஒன்றுதான். இங்கே வரும் கொலஸ்ட்ரால் எண்களை மில்லிமோலாக்க 38.67ஆல் வகுக்க வேண்டும், ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடை மட்டும் 88.57ஆல். ட்ரைகிளிசரைடு 177 என்றால் 2.0. அதையும் 38.67ஆல் வகுத்தால் 4.6 வரும், வீணாகப் பதற வேண்டியதுதான். இன்னொன்று: எல்டிஎல்லை நிறைய லேபில் நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு உதவாது. 'டைரக்ட் எல்டிஎல்' என்று கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட்டை வந்து இறங்கிய வாரமே முடித்துவிடுவது நல்லது. 10–12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது, மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். கல்யாண விருந்தெல்லாம் முடித்துக் கிளம்பும் முன் எடுத்தால் ட்ரைகிளிசரைடு அந்த விருந்தைத்தான் காட்டும். கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் முக்கியமாக எல்டிஎல்லைத்தான் இறக்கும். சோறு, இனிப்பு, மது மூன்றும் ஏற்றிவிடும் ட்ரைகிளிசரைடை அது ஓரளவுக்குத்தான் பிடிக்கும். 'மாத்திரைதான் போடுறோமே' என்று மூன்றாவது ஜாங்கிரியை எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

டோஸ் மாற்றினால் பலன் தெரிய 4 முதல் 12 வாரம் ஆகும். மூன்று வார லீவில் இங்கே டோஸை ஏற்றிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப்போய் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடையில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கொண்டுவந்த பிராண்டு இங்கே இருக்காது. 'அதே மருந்துதான் சார், வேற கம்பெனி' என்று ஒரு பட்டையை நீட்டுவார்கள். பெரிய எழுத்தில் உள்ள பெயரை விடுங்கள், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினோடு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், இன்னொரு ஸ்டாட்டினான அட்டோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரின், சிலவற்றில் க்ளோபிடோக்ரெலும் சேர்த்து ஒரே மாத்திரையாக இங்கே ஏராளம் விற்கிறது. பிராண்டுப் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் வால் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என யாரும் எழுதித்தராத ரத்தம் உறையாமைக்கான மருந்து தினமும் உள்ளே போகும். அல்சர் உள்ளவருக்கு அது ஆபத்து. தனி ஸ்டாட்டின் மட்டும் போதுமென்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள், விலை குறைவு. டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

தொண்டை வலி, சளி என்று ஆன்டிபயாட்டிக் வாங்கும்போது ஸ்டாட்டின் சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; தசை சிதையும் அபாயம் உண்டு. தொடை, தோள் வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் பயண அலுப்பு என்று விடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து தசைச் சிதைவைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்.