சாரதிப் பக்கம் சரிந்த பஜிரோவும் யாழ்ப்பாணத்துக் கராஜ்களும்

இந்த முறை ஊரில் கோயில், கலியாணம், காணி உறுதி எல்லாவற்றையும் விட அதிக நேரத்தை எடுத்தது அத்தானின் பழைய பஜிரோதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த ஜீப், 2.8 லீற்றர் டீசல். எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் நின்று பார்த்தால் சாரதிப் பக்கம், அதாவது வலப் பக்கம், தாழ்ந்திருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடுமுறையில் போய் வீட்டு வாகனத்தைத் திருத்திக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"வித்துப்போட்டு வேற ஒண்டு வாங்கலாமே" என்று கனடாவில் இருந்துகொண்டு நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில். அதற்குப் பிறகும் வரியோடு சேர்த்து வருகிற விலை, சம்பளத்தில் வாழும் குடும்பம் கிட்டப் போகக்கூடியதாக இல்லை. ஆகவே இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும். திருத்துகிற கைகளுக்கும் அங்கே குறைவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் போனது நகருக்குள் இருக்கும் பெரிய கராஜ் ஒன்றுக்கு. பளிச்சென்ற தரை, கொம்பியூட்டர் பில், குளிரூட்டிய அறையில் தேநீர். ஒரு இளைஞர் வந்து மட்காட்டில் கையை வைத்து அமத்திப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றினார். "நாலு சொக்கும் பழுதாப் போட்டுது. மாத்தினால் சரி" என்றார். ஜீப்பின் கீழே யாரும் குனியவில்லை. ஒரு அளவு நாடா கூட வெளியே வரவில்லை.

சொக் அப்சோபர் வாகனத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் சொக்கின் வேலை. வாயு அடைத்த சொக் என்றால் கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். நாலு சொக்கையும் புதிதாகப் போட்டிருந்தால் ஓட்டம் கொஞ்சம் மாறியிருக்கும், ஜீப் அதே சரிவோடுதான் நின்றிருக்கும். திரும்பி வருகிற வழியில் அத்தான் இன்னொரு விஷயம் சொன்னார். சில மாதத்துக்கு முன்னர் வேறொரு கராஜில் "முன்னுக்குக் கொஞ்சம் தூக்கி" விட்டார்களாம். அதற்குப் பிறகு முன் வலப் பக்கம் குழியில் இறங்கினால் இடிக்கிறது, முன் வல டயர் வெளிக்கரையில் தேய்கிறது. சரிவு கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை.

வீட்டுச் சீமெந்து முற்றத்தில் நிறுத்தி அளந்து பார்த்தோம். நாலு டயரும் ஒரே அளவா, காற்று ஒரே அளவா, பின்னால் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தரையிலிருந்து அளக்காமல், சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளக்க வேண்டும். அப்படி அளந்தால் டயரின் தேய்வு கணக்கில் வராது. பின்னால் வலப் பக்கம் 25 மில்லிமீற்றர் தாழ்வு, முன்னால் 22. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. செஸி, அதாவது ஜீப்பின் அடிச்சட்டம், இலகுவில் முறுகாத இரும்பு. ஒரு மூலை அமர்ந்தால் முழு உடம்பும் அந்தப் பக்கம் சாயும். அதனால் அளவு நாடா எவ்வளவு சரிவு என்பதைச் சொல்லும், எந்த மூலையில் பழுது என்பதைச் சொல்லாது.

அதைக் கண்டுபிடித்தவர் கோண்டாவில் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிற ஒரு அண்ணை. அறுபது வயது இருக்கும். நான் எழுதி வைத்திருந்த அளவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இப்ப பின் பக்கத்தைக் கணக்கிலயிருந்து எடுப்பம்" என்றார். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்தார். ட்ரொலி ஜக்கை பின் எக்ஸிலின் (இரண்டு பின் சில்லுகளையும் இணைக்கிற அச்சின்) நடுவில், டிபரன்ஷலுக்குக் கீழே கொடுத்து, பின் சில்லு இரண்டும் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு மட்டும் தூக்கினார். அப்போது பின் எக்ஸில் ஒரு புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் சாயலாம். உடம்பு எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது முன் பக்கம் மட்டும்தான். மறுபடி அளந்தார். தாழ்ந்திருந்த முன் வலப் பக்கம் இப்போது இடப் பக்கத்தை விட 15 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது.

பிறகு பின்னால் இறக்கி, முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜக்கைக் கொடுத்துத் தூக்கினார். இப்போது பின் ஸ்பிரிங்குகள்தான் தனியே தாங்குகின்றன. வலப் பக்கச் சரிவு 40ஐத் தாண்டியது. "பழுது பின்னுக்கு. முன்னுக்கு ஆரோ விளையாடியிருக்கினம்" என்றார்.

இந்தத் தலைமுறைப் பஜிரோவில் முன் பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டோர்ஷன் பார் என்கிற நீளமான உருக்குக் கம்பி முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். அதன் பின் முனையில் ஒரு போல்ட் இருக்கிறது. அதை முறுக்கினால் அந்தப் பக்கம் உயரும். ஸ்பனர் ஒன்று இருந்தால் போதும், பத்து நிமிட வேலை. அதனால்தான் ஆளாளுக்குக் கை வைக்கிறார்கள். அண்ணை ரோச் அடித்துக் காட்டினார். இடப் பக்கப் போல்ட்டில் பழைய சேறும் துருவும். வலப் பக்கத்துப் போல்ட்டின் புரி மினுங்கிக்கொண்டு நீளமாக வெளியே நின்றது. அப்படி ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அந்தச் சில்லும் அதற்கு மூலைவிட்டமாக இருக்கும் பின் இடச் சில்லும் கூடுதல் பாரத்தை வாங்கும். இடிப்புக்கும் டயர்த் தேய்வுக்கும் விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பின் வல ஸ்பிரிங்கை எட்டிப் பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து, கீழே அது உட்காரும் கிண்ணத்தில் இறுகியிருந்த மண்ணைக் கழுவிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசிச் சுற்று அரை வட்டத்தில் உடைந்து, உடைந்த துண்டின் பக்கத்திலேயே ஸ்பிரிங்கின் மேல் பகுதி இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்தக் கிண்ணத்தில் மண்ணும் ஈரமும் தங்கும், பெயின்ட் உரசிப் போகும், துரு குழி விழுத்தும், அந்தக் குழியில் வெடிப்புத் தொடங்கும். கடற்காற்றுப் படும் ஊரில் இது எதிர்பார்க்க வேண்டிய பழுது. ரொறன்ரோவில் பனிக்குப் போடும் உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இவ்வளவு பார்த்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். "பாக்கிறதுக்கு என்ன காசு?" என்று சிரித்தார். எனக்கு உறுத்தியது இதுதான். ரொறன்ரோவில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரம் நூறு டொலருக்கு மேல். பழுது பார்ப்பதற்கே தனியாகப் பில் வரும், திட்டிக்கொண்டே கொடுப்போம். அங்கே சாமானுக்கும் கூலிக்கும் மட்டும்தான் காசு, பழுதைத் தேடுவதற்கு இல்லை. தேடினால் காசு வராது என்றால் பெரிய கராஜ் ஏன் தேடப் போகிறது? சொக் விற்றால் வரும். இந்த அண்ணை தேடுவது அவருடைய குணம். குணத்தை நம்பி ஒரு தொழில் நடக்க முடியாது. மறுத்தாலும் கையில் திணித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஸ்பிரிங் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இருந்து வந்தது. இந்த இடத்தில் மனம் நிறையப் பாராட்ட வேண்டும். கடைக்காரர் வட்ஸ்அப்பில் கம்பியின் தடிப்பு, சுற்று எத்தனை, நீளச் செஸியா குட்டைச் செஸியா என்று கேட்டு, நாடா வைத்த படம் அனுப்பி, இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். காலையில் பஸ் நிலையத்தில் போய் எடுத்தோம். கழற்றிய பழைய ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். துருவால் போன சாமானுக்குப் பதில் இன்னொரு பழைய சாமானா? வேண்டாம் என்று புதிதாக ஒரு சோடி எடுத்தோம். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் கட்டையும் இப்போது நிறைய விற்கிறது. உடைந்த ஸ்பிரிங்கில் அதைப் போட்டு ஓடுவது ஆபத்து.

பூட்டுகிற வேலை பெரிதல்ல. செஸியைத் தாங்கி வைத்து, சொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டு எக்ஸிலை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். தாங்கி வைத்தது மரக்குற்றியில் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து சொன்னேன். அடுத்த கராஜில் இரும்பு ஸ்டாண்ட் இரண்டு இரவல் வாங்கி வந்தார்.

பின் பக்கம் முடிந்த பிறகுதான் முன் போல்ட்டைத் தொட்டார். சில்லு தொங்கும்படி தூக்கி வலப் பக்கத்தைத் தளர்த்துவது, இறக்குவது, ஜீப்பை முன்னும் பின்னும் உருட்டி அமர விடுவது, அளப்பது. உருட்டாமல் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் 4 மில்லிமீற்றர் வித்தியாசம். "சாரதி ஏறினால் அதுவும் மாறும், விடுங்கோ" என்றார். விட்டோம்.

உயரம் மாறினால் சில்லுகளின் கோணமும் மாறும் என்பதால் அலைன்மென்ட் கடைசியில்தான் செய்ய வேண்டும். முன் விளக்கின் குறியையும் அதோடு பார்க்கச் சொன்னோம். வல டயர் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, பின்னுக்கு மாற்றிப் போட்டாயிற்று. ஸ்பிரிங், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தும் முதல் கராஜ் நாலு சொக்குக்குச் சொன்ன தொகையில் பாதி வரவில்லை.