"ஸ்டேஜ் 3 லைட்வெயிட் கிளட்ச்" வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டிய) ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல் கார் ஒன்றுக்குக் கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப் "ஸ்டேஜ் 3 லைட்வெயிட் பெர்ஃபாமன்ஸ் கிளட்ச்" போட்டுக் கொடுத்தது. சில வாரங்களில் நியூட்ரலில் கடகடவென்று சத்தம், முதல் கியரில் நகரும்போது உதறல், கொஞ்ச நாளில் மூன்றாவது கியர் விழும்போது உரசல். கியர்பாக்ஸை இறக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வேறு மாடலின் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டை) லேத்தில் சுரண்டி எடை குறைத்திருக்கிறார்கள். டிஸ்க்கை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பழையது, அதற்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். போட்டிருந்த டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை, உரசும் பகுதி ஆறு தனித்தனித் துண்டுகளாக இருக்கும் "பக்" டிஸ்க் அது. பில்லில் இருப்பது "கிளட்ச் கிட் – 1" என்ற ஒரே வரி. பிராண்டும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

"எடை பாதி, 500 என்.எம். தாங்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லித்தான் விற்றார்கள். இரண்டும் தனித்தனி விஷயங்கள். எடை குறைந்ததால் எந்த கிளட்சும் கூடுதல் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை, அளவு என்.எம்., அதாவது நியூட்டன் மீட்டர்) தாங்கிவிடாது. தாங்கும் திறனை நான்கு எண்கள் முடிவு செய்கின்றன: உரசும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, டிஸ்க்கின் சராசரி ஆரம். நான்கையும் பெருக்கினால் டார்க் கிடைக்கும். உதாரணமாக, வெளிவிட்டம் 240 மி.மீ., உள்விட்டம் 155 மி.மீ. உள்ள ஒற்றை டிஸ்க்குக்கு உரசும் முகங்கள் 2, சராசரி ஆரம் சுமார் 0.099 மீட்டர். ஆர்கானிக் ஃபேசிங்குக்கு (சாதாரண கார்களில் வரும் உரசு பட்டை) கெழு 0.3, அழுத்து விசை 6000 நியூட்டன் என்று வைத்தால் 2 × 0.3 × 6000 × 0.099, அதாவது ஏறக்குறைய 356 என்.எம். இதே டிஸ்க் 500 தாங்க வேண்டுமென்றால் விசை சுமார் 8400 நியூட்டனாக ஏற வேண்டும். அப்போது பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பெடலும் லேசு, ஃபேசிங்கும் ஆர்கானிக், அளவும் பழைய அளவே, ஆனாலும் 500 தாங்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

லாரா 1.8 கம்பெனியிலிருந்து வரும்போது 160 பிஎஸ், 250 என்.எம். ரீமேப்புக்குப் பிறகு 320 வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூடு, தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 சதவீதம் கூடுதலாக வைத்தால் 400 என்.எம். தாங்கும் கிளட்ச் போதும். மேலே சொன்ன கணக்கில் 6700 நியூட்டன் சொச்சம். நல்ல ஆர்கானிக் டிஸ்க்கும் கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட்டும் இருந்தாலே வேலை முடிந்திருக்கும். பக் டிஸ்க்குக்கு அங்கே அவசியமே இல்லை. பார்க்க ரேஸ் சாமான் மாதிரி இருப்பதால் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட முடிகிறது, அவ்வளவுதான்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 10 கிலோ, 280 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீலை 5 கிலோவாக்கினால் சுழல் நிலைமம் 0.098-லிருந்து 0.049 கி.கி.மீ²-க்கு இறங்குகிறது. சக்கர ஆரம் 0.31 மீட்டர், முதல் கியரின் மொத்த விகிதம் 13 என்றால், காரிலிருந்து 86 கிலோவை இறக்கி வைத்ததற்கு அது சமம். ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3 என்றால் வெறும் 4.6 கிலோ. அதாவது கிளம்பும்போதும் முதல் இரண்டு கியர்களிலும்தான் வித்தியாசம் தெரியும். ஹைவேயில் ஒன்றும் தெரியாது. டிராஃபிக்கில் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகும், ஐட்லிங் ஆடும். சில இசியூக்கள் (எஞ்சின் கம்ப்யூட்டர்கள்) அந்த ஆட்டத்தை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) என்று எடுத்துக்கொண்டு பி0300 கோடு போட்டு செக் எஞ்சின் லைட்டை எரிய விடும். இதையெல்லாம் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

டிஸ்க்கில் ஸ்பிரிங் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "உங்க ஒரிஜினல் டிஸ்க்லயும் ஸ்பிரிங் இல்லையே சார்" என்றார்களாம். சாமர்த்தியமான பதில். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது) உள்ள கார்களில் எஞ்சினின் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்குகள் ஃப்ளைவீலுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் பெரும்பாலும் ஒரிஜினல் டிஸ்க்கில் தனி ஸ்பிரிங் வைப்பதில்லை. அந்த ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு ஒரே துண்டான சிங்கிள் மாஸ் போட்டால், டிஸ்க்கின் நடுவில் ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் அதிர்வு முழுக்க கியர்பாக்ஸுக்குள் போகும். நியூட்ரலில் கேட்ட கடகட சத்தம் அதுதான். கிளட்சை மிதித்தால் நிற்கும், விட்டால் மறுபடி வரும்.

சுரண்டிய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் பணநஷ்டத்தோடு போகிற விஷயமில்லை. 6500 ஆர்பிஎம்மில் 280 மி.மீ. ஃப்ளைவீலின் விளிம்பு விநாடிக்கு 95 மீட்டர், அதாவது மணிக்கு 340 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. மைய விலக்கு அழுத்தம் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வார்ப்பிரும்பு இழுவிசையில் பலவீனமானது. சூட்டில் அதன் முகத்தில் மயிரிழை விரிசல் விழும். லேத்காரர் விட்ட கூர்மூலையிலிருந்து அது ஓடத் தொடங்கினால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு டிரைவரின் கால்பக்கம் வரலாம். லேசான ஃப்ளைவீல் வேண்டுமென்றால் இஎன்19 மாதிரியான ஸ்டீல் பில்லட்டில் (முழு உலோகக் கட்டியில்) கடைந்தது, அல்லது ஸ்டீல் உரசு முகம் பதித்த அலுமினியம், இவை மட்டும்தான். எஸ்எஃப்ஐ 1.1 சான்று (ரேஸ் பாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்டீலில் நீளமான, பிரகாசமான பொறி பறக்கும். வார்ப்பிரும்பில் குட்டையான மங்கல் சிவப்புப் பொறி. பொருத்தும் முன், கடைக்காரர் கண்முன்னே செய்ய வேண்டும்.

புதுப்பித்த பிரஷர் பிளேட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் விரல்கள் மாதிரி இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் நுனிகளில், பெடலை மிதிக்கும்போது அதை அழுத்தும் ரிலீஸ் பேரிங் உரசிய பளபளப்பான வளையத் தடம் இருக்கும். ரிவெட் தலைகளுக்கு அடியில், பெயின்ட் ஏறாத சந்தில் துரு தெரியும். டிஸ்க்கின் நடுத்துளையிலுள்ள ஸ்பிளைன் பற்களை விரலால் தடவினால் தேய்ந்த படி தட்டுப்படும். டப்பாவை மட்டும் நம்ப வேண்டாம், டப்பாவையும் அச்சடிக்கிறார்கள். லுக் (LuK) பிராண்டாக இருந்தால், அதன் தயாரிப்பாளரான ஷாஃப்லரின் ஆரிஜின்செக் ஆப்பில் டப்பாவின் கோடை ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி: கிளட்ச் உண்மையிலேயே வழுக்குகிறதா? நான்காவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஓபிடி ஸ்கேனரில் (காரின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகுவது) ஆர்பிஎம்மையும் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். ஒரே கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் வரும் எண் மாறக் கூடாது. 30 என்று நிற்பது டார்க் ஏறும் இடத்தில் 34 ஆகித் திரும்பினால் அது வழுக்கல். அப்போதும் கிரேங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) பின்சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் "ஸ்டேஜ்" கிளட்ச் வாங்காதீர்கள். எண்ணெய் பட்ட டிஸ்க் எந்த ஸ்டேஜாக இருந்தாலும் வழுக்கும்.

கொட்டேஷன் கேட்கும்போது இவை எழுத்தில் வரவேண்டும்: பிராண்டும் பார்ட் நம்பரும், டிஸ்க் அளவு, ஃபேசிங் வகை, ஸ்பிரிங் உண்டா இல்லையா, அழுத்து விசை அல்லது தயாரிப்பாளர் தரும் டார்க் அளவு, ஃப்ளைவீலின் உலோகமும் எடையும். டார்க் அளவு கிரேங்கிலா சக்கரத்திலா என்றும் கேளுங்கள். சில விளம்பரங்களில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

பொருத்தும்போது ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதிதாகத்தான் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் வழக்கமான அளவு 60 என்.எம்., பிறகு 90 டிகிரி. இழுபட்ட போல்ட்டை மறுபடி போடுவது ஆபத்து. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்காவிட்டால் கவர் கோணிக்கொள்ளும். ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அதிகமானால் சுழலும்போது டிஸ்க்கில் தெறிக்கும். ரிலீஸ் பேரிங்கையும், பெடல் அழுத்தத்தைக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கார்களில் அதையும், இதே வேலையில் மாற்றிவிடுங்கள். அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு. ஆர்கானிக் டிஸ்க் என்றால் முதல் 500 முதல் 800 கி.மீ. வரை ஊருக்குள் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதுவரை லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய்வது) எல்லாம் கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கழற்றிய ஃப்ளைவீலையும் டிஸ்க்கையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் போட்டோவோடு எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால், வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ வழியாகவோ பணம் போன பதிவை இப்போதே எடுத்து வையுங்கள்.