வீட்டிற்கே வந்து ஆன்டிபயாடிக் ஏற்றும் செவிலியர் சேவை: எங்கள் அனுபவம்

சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான கிருமி மாத்திரைக்குக் கட்டுப்படாததால், அப்பாவுக்கு எஞ்சிய ஏழு நாள் எர்டாபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை வீட்டிலேயே ஏற்றலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க, சென்னையில் ஒரு வீட்டுச் செவிலியர் சேவையை அமர்த்தினோம். நாளுக்கு ஒரு முறை, 1 கிராம், 50 மி.லி. சலைனில் கலந்து அரை மணி நேரம் ஏற்ற வேண்டிய மருந்து அது. குளுக்கோஸ் நீரில் கலக்கக் கூடாது. வந்த செவிலியர் கை கழுவி, குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டிய பிறகே திறந்தார். மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகியிருந்த வென்ஃப்ளான் என்ற சிறு குழாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்றும் தினமும் பார்த்தார். ஐந்தாம் நாள் தாமதமாக வந்த வேறொருவர் பத்தே நிமிடத்தில் ஏற்றி முடிக்கப் பார்க்க, அப்பாவே (ஓய்வுபெற்ற கணக்காளர், விடுவாரா?) கடிகாரத்தைக் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பயன்படுத்திய ஊசிகளை எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையிலேயே விட்டுச் சென்றது மன்னிக்க முடியாத குறை.