நாட்டுக் கடலையா, வெள்ளைக் கடலையா? பூச்சியைத் தாங்குவதில் எது மேல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் செழிக்கின்றன. குளிரும் வறட்சியும் கலந்த பருவத்தை விரும்பும் கொண்டைக்கடலை இங்கு விளைவதில்லை. எனினும் கோயில் சுண்டலுக்கும் வீட்டுக் குழம்புக்கும் அதனை வாங்கிச் சேமிக்கும் நமக்கு, சிறிய நாட்டுக் கடலை, பெரிய வெள்ளைக் கடலை ஆகிய இரண்டில் எந்த வகை பூச்சியைத் தாங்கும் என்பது முக்கியமான கேள்வியே. அதற்கு வயல் தரும் விடை வேறு, சேமிப்பறை தரும் விடை வேறு.

வயலில் பெரும்பகை பச்சைக் காய்ப்புழுவாகும். ஒரே புழு 30 முதல் 40 காய்கள் வரை துளைத்துவிடும் என்பதால், சிறு எண்ணிக்கையே உழவருக்குப் பேரிழப்பாகிறது. இதற்கு எதிராகச் செடியிடம் உள்ள தற்காப்பு, இலை மயிர்கள் சுரக்கும் புளிப்பு நீர். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் புழுவின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் 1972-இல் அமைந்த இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளில், ஐசிசி 506இபி என்னும் நாட்டு வகை புழுவைத் தாங்குவதற்கும், ஐசிசி 3137 என்னும் மற்றொரு வகை எளிதில் பாதிக்கப்படுவதற்கும் சான்றாக வைத்து ஒப்பிடப்படுகின்றன. ஆனால் தாங்கும் வகை என்றால் புழுவே அண்டாத வகை என்று பொருளில்லை. பயிரிடப்படும் கடலையில் காணப்படும் எதிர்ப்பு, சிறந்த வகைகளிலும் நடுத்தரமானதே. இதைவிட வலுவான எதிர்ப்பு சில காட்டு உறவினங்களில் இருந்தாலும், அவற்றுள் பல பயிர்க் கடலையுடன் எளிதில் கலப்பதில்லை. துருக்கியின் தென்கிழக்கில் வளரும் ரெட்டிகுலேட்டம் என்னும் மூதாதை இனம் தடையின்றிக் கலப்பதால், நம்பிக்கைக்கு இடமளிப்பது அதுவே என்பது என் கருத்து.

இலையின் புளிப்பு உலர்ந்த விதையைக் காப்பதில்லை என்பதால், மூட்டைக்குள் கணக்கு மாறுகிறது. அங்கு பகை பயறு வண்டு. தாய் வண்டு விதையின் மேல் முட்டையை ஒட்டுகிறது. குஞ்சுப்புழு தோலைத் துளைத்து உள்ளே தின்று வளர்கிறது. வட்டத் துளை கண்ணில் படும்போது பருப்பு வீணாகியிருக்கும். வெள்ளைக் கடலையின் தோல் மெல்லியதும் வழவழப்பானதும் ஆகையால் பொதுவாக வண்டுக்கு எளிதாக அமைகிறது. சிறிய மணியும் சொரசொரப்பான தடித்த தோலும் கொண்ட நாட்டுக் கடலை கூடுதலாகத் தாங்குகிறது. ஆண்டு முழுவதும் வெப்பம் தணியாத நம் ஊரில் ஏறத்தாழ மாதம் ஒரு தலைமுறை பெருகுவதால், இந்த வேறுபாட்டைச் சிறிதென ஒதுக்க முடியாது.

ஆகவே நவராத்திரிக்கு முன்னரே பெருமளவில் வாங்கி வைப்போருக்கு நாட்டுக் கடலையையே பரிந்துரைக்கிறேன். சுண்டலுக்குப் பெரிய மணி வேண்டுமென்போர் வெள்ளைக் கடலையைச் சிறிதளவாக வாங்கிச் சில நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்து, பின்னர் இறுக மூடிய கலனில் காப்பது நல்லது. நெடுநாள் வைக்க வேண்டியது குழம்புக்கான கடலையானால், உடைத்த பருப்பாகவே வாங்கலாம். முழு விதையை நாடும் அவ்வண்டு உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகுவதில்லை.