பதினொரு விதிகளும் ஒரு குருகும்

தபால் நிலையக் கவுண்ட்டரில் 36 ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். விதிமுறைத் தாள் ஒன்று கையில் கிடைத்தால் மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோல் ரசித்துப் படிப்பேன். சென்ற ஜூலையில் ஒரு மாலைநேரக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். சங்க இலக்கிய வகுப்பின் முதல் நாளே பேராசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பதினொரு விதிகள். ஒரு பருவம் முழுக்க அந்தத் தாளோடு குடித்தனம் நடத்திவிட்டு இதை எழுதுகிறேன். நூலகத்தைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருப்பதால் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

முதல் விதி, பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் உள்ளே வரக் கூடாது. பஸ் கிடைக்காமல் ஒருநாள் பன்னிரண்டு நிமிடம் தாமதித்தேன். "ஐயா, அடுத்த பாடவேளைக்கு வாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கோபம் வந்தது. நேரம் முடிந்த மறு நிமிடமே நான் எத்தனை பேர் முகத்துக்கு நேரே கவுண்ட்டரைச் சாத்தியிருக்கிறேன் என்று வராந்தாவில் நின்றபோது நினைவுக்கு வந்தது. கோபம் போய்விட்டது.

வருகைப் பதிவு விதி கல்லூரியுடையது, பேராசிரியையுடையது அல்ல. பருவத்துக்கு 90 வேலை நாள், அதில் 75 சதவீதம், அதாவது 68 நாள் வந்தாக வேண்டும். குறைந்தால் பணம் கட்டி விலக்குப் பெறலாம். நாள் குறைந்ததற்குப் பணம் எப்படி ஈடாகும் என்று இந்தக் குமாஸ்தாவின் மூளைக்கு இன்றுவரை எட்டவில்லை.

ஆறாவது விதிக்காகத்தான் இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்காமல் யாரும் பொருள் சொல்லக் கூடாது. முதல் அரை மணி நேரம் உரையாசிரியர் பெயரை எடுக்கவே கூடாது. கேட்கும்போது விளையாட்டாகத் தெரிந்தது. குறுந்தொகை 25ஆம் பாட்டு வந்தது, கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் கூடிய அன்று அங்கே யாருமே இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள். ஒரு பையன் எழுந்து "யாரும் இல்லைத் தானே" என்று ஒரே மூச்சில் ஓடிப்போய்க் "கள்வன்" என்பதைத் தனியே விட்டான். அடுத்துப் படித்த பெண் "யாரும் இல்லை" என்று நிறுத்தி, "தானே கள்வன்" என்று அழுத்தினாள். யார் படித்தது சரி என்று பேராசிரியை சொல்லவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். தினைத் தண்டு போன்ற சிறிய பசுங்காலோடு குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று மட்டும் அங்கே நின்றதாகப் பாட்டு முடிகிறது. "குருகு இருந்தது சரி அம்மா, ஆனால் அது ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது?" என்றாள் அந்தப் பெண்.

எனக்குக் கவுண்ட்டர் ஞாபகம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிக்கு மணியார்டர் பட்டுவாடா செய்தால், கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். வரிசையில் நிற்பவர் யாரையாவது கூப்பிடுவோம். அவர் தன் பாஸ்புக்கிலேயே கண்ணாக இருந்தபடி, பாட்டி வாங்கியது எவ்வளவு என்று பார்க்காமலே போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். கபிலரின் குருகு அந்த ஆள்தான். எந்த உரையும் எனக்கு இதைச் சொல்லித் தந்திருக்காது.

இனிக் குறை. நான்காம் விதிப்படி மூலநூல் கையில் இல்லாதவர் வகுப்பில் உட்கார முடியாது. நாங்கள் 34 பேர். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகையின் மறுபதிப்பு நூலகத்தில் இரண்டே பிரதி, அதில் ஒன்று எப்போதும் "பைண்டிங்குக்குப் போயிருக்கிறது". பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஐந்தாம் விதி கைபேசியைப் பைக்குள் போடச் சொல்கிறது. நான்கும் ஐந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண் அச்செடுக்க எங்கே போவாள்? நான் எழுந்து இதைச் சொன்னேன். பேராசிரியை சற்று யோசித்துவிட்டு, பாட்டைக் கையால் எழுதிக்கொண்டு வந்தாலும் மூலநூலாகவே கொள்ளப்படும் என்று தாளில் பேனாவால் சேர்த்தார். நாலு முதல் எட்டு அடிதானே, எழுதிவிடலாம். மேலே அனுப்பி ஒப்புதல் வாங்காமல் ஒரு விதி திருத்தப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

ஒப்படைப்பைக் கையால் எழுத வேண்டும், பார்த்து எழுதினால் பூஜ்யம். இதில் புதுமை இல்லை. எழுதியதிலிருந்து ஒரு கேள்வி நேரில் கேட்பார் என்பதுதான் பயம்.

ஆனால் இத்தனை விதியும் காப்பது 25 அக மதிப்பெண்ணைத்தான். மீதி 75 பருவத் தேர்வுக்கு. அங்கே கேள்வி வேறு மாதிரி வந்தது: "சங்க மகளிரின் காதல் உணர்வுகளைக் கட்டுரைக்க." கைடைப் பாடம் செய்தவர்கள் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினார்கள். குருகைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு 41. எனக்கு 52, கையெழுத்து நன்றாக இருந்ததற்காக இருக்கலாம்.

வகுப்புக்கு ஐந்தில் நாலரை தருவேன், நூலகத்துக்கு ஒன்று. சேர நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். நான் இரண்டாம் பருவத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டேன். பஸ் நேரத்தையும் மாற்றிக்கொண்டேன்.