செருப்ப பாத்தானா, முகத்த பாத்தானா: நாலு சின்ட்ரெல்லா படங்கள்

அக்கா பொண்ணோட உக்காந்து 1950 டிஸ்னி சின்ட்ரெல்லாவ பாத்துட்டு இருந்தேன். அவளுக்கு ஏழு வயசு. படம் முடியற நேரத்துல திரும்பி, "சித்தி, அவ்ளோ நேரம் அவளோட டான்ஸ் ஆடினான்ல, மூஞ்சி ஞாபகம் இருக்காதா, எதுக்கு செருப்ப வச்சு தேடறாங்க?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல. இத்தன வருஷமா இந்தக் கதைய எத்தனையோ தடவ பாத்திருக்கேன், இது ஒரு தடவ கூட தோணல. அன்னிக்கு ஆரம்பிச்சது தான், ஒவ்வொரு சின்ட்ரெல்லா படமா மறுபடி எடுத்து இந்த ஒரே கேள்விய வச்சு பாத்தேன்: இளவரசன் இந்தப் பொண்ண கந்தல் துணில, சாம்பல் ஒட்டின முகத்தோட எப்பவாவது பாத்தானா, பாத்தா அடையாளம் தெரிஞ்சுதா, அதுக்கு அவ என்ன பண்றா.

மூலக்கதையிலேயே இது ஒரு பெரிய ஓட்டை தான். கிரிம் சகோதரர்கள் 1812ல முதல்ல போட்டு, பின்னாடி மாத்தி எழுதின கதைல அவன் மூணு நாள் சாயங்காலம் அவளோட ஆடறான், ஆனா மூத்த அக்கா கட்டவிரல வெட்டிட்டு செருப்புக்குள்ள கால நுழைச்சதும் அவளயே குதிரைல ஏத்திட்டு கெளம்பிடறான், வழில அம்மா சமாதி மேல இருக்கற மரத்துல ரெண்டு புறா உக்காந்து "செருப்புல ரத்தம் பாரு"ன்னு சொன்னப்பறம் தான் குனிஞ்சு பாக்கறான். திருப்பிக் கொண்டு விட்டுட்டு, அடுத்தவ குதிகால வெட்டிட்டு வந்தா அவளயும் ஏத்திட்டுப் போறான். ரெண்டு தடவ வேற பொண்ணோட சவாரி போயிருக்கான், முகத்த பாத்து ஒரு சந்தேகமும் வரல! அதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1697ல, பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதினதுல இளவரசன் தேடியே வரல, ஒரு பிரபு தான் செருப்ப தூக்கிட்டு வீடு வீடா வர்றார். ஆனா பெரோ கதைல ஒரு அருமையான விஷயம் இருக்கு, செருப்பு கால்ல சேந்ததும் அவ பாக்கெட்டுல இருந்து இன்னொரு செருப்ப எடுத்து மாட்டிக்கறா. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வருது.

1950 படத்த பத்தி எல்லாரும் சொல்ற குறை, அவ சும்மா உக்காந்து காத்துட்டு இருக்கா, எலியும் தேவதையும் தான் எல்லாம் பண்ணுதுன்னு. நான் இத ஒத்துக்க மாட்டேன். போர் முடிஞ்ச சமயம் டிஸ்னி ஸ்டுடியோ 40 லட்சம் டாலருக்கு மேல கடன்ல இருந்துது, இந்தப் படம் ஓடினதால தான் நிமிந்தாங்க, அதனால ஒவ்வொரு காட்சியும் அளந்து எடுத்த மாதிரி இருக்கும். அந்த டிரஸ் கிழிக்கற சீன பாருங்க. சித்தி லேடி ட்ரிமெயின் குரல ஒசத்தவே மாட்டா, அந்த மணிமாலை நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லுவா, அது தன்னோடதுன்னு ஒரு அக்கா பாஞ்சு புடுங்குவா, இடுப்புப் பட்டை என்னோடதுன்னு இன்னொருத்தி இழுப்பா, ஒரு நிமிஷத்துல மொத்த கவுனும் கந்தலாயிடும். ஒரு பேய் சித்திய இதவிட கச்சிதமா யாரும் காட்டினதில்ல. எலினர் ஆட்லி குரல் கொடுத்திருப்பாங்க, ஒன்பது வருஷம் கழிச்சு மலிஃபிசென்ட்டுக்கும் அவங்க தான் குரல்.

கடைசில ட்ரிமெயின் கைத்தடிய நீட்டி சேவகன தடுக்கி விட, கண்ணாடிச் செருப்பு சுக்குநூறா உடையும், ராஜாவோட ஆள் தலைல கைய வச்சிட்டு உக்காந்திருப்பார், அப்ப அவ ஏப்ரன் பாக்கெட்டுல கைய விட்டு ஜோடிச் செருப்ப எடுத்து நீட்டுவா. பெரோவோட அதே பாக்கெட். அழுதுட்டு நிக்கல, ஆதாரத்த பத்திரமா வச்சிருந்து சரியான நேரத்துல எடுக்கறா. இத பாத்துட்டு எப்படி ஒண்ணுமே பண்ணாத பொண்ணுன்னு சொல்றாங்கன்னு எனக்கு உண்மையாவே புரியல.

ஆனா என் அக்கா பொண்ணு கேள்விக்கு இந்தப் படத்துல பதில் இல்ல. இளவரசன் பால்ரூம்ல வருவான், அப்பறம் நேரா கல்யாணத்துல தான் வருவான். நடுவுல தேடறது முழுக்க கிராண்ட் டியூக். ஏப்ரன் கட்டின பொண்ண அவன் பாக்கற சீனே கெடயாது. ஒரு ஆறுதல், அவளுக்கும் அவன் யாருன்னு தெரியாது, மறுநாள் காலைல அவன் தான் இளவரசன்னு காதுல விழுந்ததும் கையில இருந்த தட்ட நழுவ விட்டுடுவா. ரெண்டு பேரும் யாருன்னே தெரியாம ஆடியிருக்காங்க, அந்த விதத்துல சமம்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்சதுக்கு வரேன். 1973ல செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேந்து எடுத்த படம், வாட்ஸ்லாவ் வொர்லிசெக் டைரக்ஷன், தமிழ்ல சொன்னா "சின்ட்ரெல்லாவுக்கு மூணு ஹேசல் கொட்டை"ன்னு பேரு. ஜெர்மனி, செக், நார்வேல ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டிவில போடுவாங்க, அரை நூற்றாண்டா போட்டுட்டே இருக்காங்க. நார்வேல ஓடற பிரதில ஒரே ஒரு ஆம்பள குரல் தான் எல்லா பாத்திரத்துக்கும் பேசும், அத மாத்தினா அங்க சண்டைக்கே வந்துடுவாங்க போல, அவ்வளவு பாசம்.

இதுல தேவதை கெடயாது, பூசணிக்கா கெடயாது. பனிக்காலம், டிரெஸ்டன் பக்கத்துல மோரிட்ஸ்பர்க் கோட்டை, எங்க பாத்தாலும் வெள்ளை. இளவரசன் ஒரு மானக் குறி வச்சிட்டு இருப்பான், அவ மறைவுல இருந்து ஒரு பனி உருண்டைய உருட்டி அவன் மேல எறிவா. குறி தப்பிடும், மான் ஓடிடும், அவனும் ஃப்ரெண்ட்ஸும் இவள துரத்த, இவ போற போக்குல அவன் குதிரையவே எடுத்துட்டு போயிடுவா. லிபுஷே ஷஃப்ரான்கோவா நடிச்சிருப்பாங்க, அந்த சீன்ல அவங்க முகத்துல இருக்கற குறும்பு இருக்கே, அதுக்காகவே எத்தன தடவ வேணா பாக்கலாம். முதல் சந்திப்பே கந்தல் துணில, அழுக்கு முகத்துல, அவன கோவப்படுத்திட்டு!

அவ கைக்கு மூணு மந்திரக் கொட்டை வந்து சேரும், முதல் கொட்டைய உடைச்சா வேட்டைக்காரப் பையன் உடுப்பு வரும். அத போட்டுட்டு போய் குறி பாத்து அம்பு விடறதுல ஜெயிச்சு இளவரசன்கிட்டயே மோதிரத்த பரிசா வாங்கிட்டு வந்துடுவா, அவனுக்கு ஆளு தெரியாது. ரெண்டாவது கொட்டைல தான் பால் கவுன், முகத்துல மெல்லிசா ஒரு முக்காடு. அவன் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னதும் அவ சந்தோஷத்துல மயங்கி விழல, ஒரு விடுகதை போடுவா: கன்னத்துல சாம்பல் ஆனா புகைக்கூண்டு தொடைக்கறவன் இல்ல, தோள்ல வில்லு ஆனா வேட்டைக்காரன் இல்ல, வெள்ளி ஜரிகை கவுன் ஆனா இளவரசி இல்ல, யாரு? அவனுக்கு பதில் தெரியல. தெரியலையா, நான் கெளம்பறேன்னு போயிடுவா.

ஏழு வயசுப் பொண்ணு கேட்ட கேள்விய அந்தப் படமே எடுத்து அவன்கிட்ட கேட்ட மாதிரி இருந்துது எனக்கு. மூணு தடவ என்ன பாத்த, மூணும் ஒருத்தின்னு உனக்குத் தெரியுதா? மத்த கதைல எல்லாம் பொண்ணோட காலுக்கு பரீட்சை, இங்க பையனோட கண்ணுக்கு பரீட்சை. செருப்பு இதுலயும் இருக்கு, தேடறதும் இருக்கு, ஆனா கடைசில அவ மூணாவது கொட்டைல வந்த கல்யாண டிரஸ்ல குதிரை மேல வந்து அதே விடுகதைய திரும்பப் போட்டு, அவன் வாயால பதில் வந்தப்பறம் தான் கதை முடியும். அப்பவும் நீ சம்மதிச்சா தான்னு அவன் தான் அவகிட்ட கேப்பான்.

இந்தப் படத்துக்கு ஸ்க்ரிப்ட் எழுதின ஃப்ரான்டிசெக் பாவ்லிசெக்குக்கு 1968க்கு அப்பறம் அரசாங்கம் எழுதவே தடை போட்டிருந்துது. அதனால டைட்டில்ல அவர் பேரு வரல, பொஹுமிலா செலென்கோவாங்கறவங்க தன் பேர கொடுத்து காப்பாத்தினாங்க. தெரிஞ்சா அவங்களுக்கும் ஆபத்து தான். நான் யாருன்னு கண்டுபுடின்னு ஒரு பொண்ணு கேக்கற படத்த, தன் பேர சொல்ல முடியாத ஒருத்தர் எழுதியிருக்கார்னு தெரிஞ்சப்பறம் அந்த விடுகதை சீன என்னால சாதாரணமா பாக்க முடியல.

1998ல வந்த எவர் ஆஃப்டர் ஹாலிவுட் படம், ட்ரூ பேரிமோர் நடிச்சது, மந்திரமே இல்லாத 16ம் நூற்றாண்டு ஃப்ரான்ஸ். இதுல பொண்ணு பேரு டேனியல். அப்பாவோட குதிரைய ஒருத்தன் தூக்கிட்டுப் போறான்னு ஆப்பிளாலயே அடிச்சு கீழ தள்ளுவா, பாத்தா இளவரசன் ஹென்றி. அப்பறம் கடனுக்கு வித்துட்ட வேலைக்காரர மீட்க பணக்கார டிரஸ்ல அரண்மனைக்கு போவா, பேரு கேட்டா செத்துப்போன அம்மா பேர சொல்லிடுவா. மொத்த காதலும் அந்தப் பொய்ப் பேர்ல தான் நடக்கும்.

இங்க முகம் பிரச்சனை இல்ல, அவனுக்கு முகம் நல்லாவே தெரியும், அந்தஸ்து தான் பிரச்சனை. விருந்துல உண்மைய சொல்லிடலாம்னு அவ றெக்க கட்டின டிரஸ்ல வருவா, சித்தி எல்லார் முன்னாடியும் அந்த றெக்கைய பிச்சு இவ வேலைக்காரின்னு சொல்லிடுவா, ஹென்றி அத்தன பேர் முன்னாடி அவள கைவிட்டுடுவான். மத்த எந்த படமும் இவ்வளவு தைரியமா இளவரசன கோழையா காட்டல, அதுக்காகவே இதுக்கு மரியாதை. அப்பறம் அவன் காப்பாத்த ஓடி வர்றப்ப அவள சித்திகிட்ட இருந்து வெலைக்கு வாங்கி அடைச்சு வச்சவன் கழுத்துல அவ ஏற்கனவே கத்திய வச்சு சாவிய வாங்கிட்டு வெளிய நடந்து வந்துட்டு இருப்பா. அவன் மன்னிப்பு கேப்பான், அவ திரும்ப சொல்லும்பா, அவன் மறுபடி மன்னிச்சுக்கோன்னு ஆரம்பிப்பான், அது இல்ல, என் பேர சொன்னியே அதுன்னுவா. அப்பதான் புரியும், படம் முழுக்க அவன் வாயில அவளோட சொந்தப் பேரு வரவே இல்லன்னு. செருப்பும் கொண்டு வந்திருக்கான், ஆனா அந்த நேரத்துல அது ஒரு பொருட்டே இல்ல. லியனார்டோ டாவின்சிய கூட்டிட்டு வந்து தேவதை வேலைய கொடுத்தது மட்டும் எனக்கு கொஞ்சம் ஓவரா பட்டுது.

கென்னத் ப்ரானா எடுத்த 2015 படத்த பத்தி நெறைய பேர் கோவமா பேசினாங்க, லில்லி ஜேம்ஸோட இடுப்பு அளவு, அப்பறம் தைரியமா இரு அன்பா இருன்னு திரும்பத் திரும்ப சொல்றது, இது பழைய அடக்கமான பொண்ணு தான்னு. முதல் தடவ பாத்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துது, ரெண்டாவது தடவ மாறிட்டேன். இதுலயும் முதல் சந்திப்பு காட்டுல, இதுலயும் அவ ஒரு மானுக்காக பேசறா, வழக்கமா பண்றாங்கங்கறதுக்காக பண்ணணுமான்னு கேக்கறா. அவன் தன்ன கிட்னு சொல்லிப்பான், தொழில் பழகறவன்னு. ஸோ பால்ரூம்ல பாத்த உடனே அவனுக்கு அவள தெரிஞ்சிடும்.

முக்கியமான மாத்தம் அந்த ரெண்டாவது செருப்புல இருக்கு. கேட் ப்ளான்செட் சித்தியா வந்து, ஒளிச்சு வச்சிருந்த செருப்ப முன்னாடியே கண்டுபுடிச்சு பேரம் பேசுவாங்க, நீ ராணியாகு, அரண்மனை நிர்வாகம் என் கையில இருக்கட்டும்னு. அவ மாட்டேன்னுடுவா. என் அப்பாவ உங்ககிட்ட இருந்து காப்பாத்த முடியல, அவனயாவது காப்பாத்தறேன்னு சொல்லுவா. சித்தி செருப்ப செவுத்துல அடிச்சு உடைச்சிடுவாங்க. 1950ல பாக்கெட்டுல இருந்த துருப்புச் சீட்டு இதுல போச்சு, அவளே தெரிஞ்சு போக விட்டா. அதுக்கப்பறம் மாடில இருந்து கந்தல் துணியோட அவன் முன்னாடி இறங்கி வந்து, எனக்கு வண்டி இல்ல, அப்பா அம்மா இல்ல, சீதனம் இல்ல, இந்தச் செருப்பு சேருமான்னு கூடத் தெரியாது, இப்படியே என்ன ஏத்துக்குவியான்னு கேப்பா. செருப்ப மாட்டறதுக்கு முன்னாடியே கேக்கறா பாருங்க. அவனும் டியூக்க நம்பாம வீரர்கள் கூட்டத்துல ஒளிஞ்சு நேர்ல வந்திருப்பான், 1950 மாதிரி ஆள் அனுப்பல.

மத்தது சுருக்கமா. 1997ல பிராண்டி நடிச்ச டிவி படத்துல கடைத்தெருவுல சாதாரணமா சந்திப்பாங்க, கறுப்பின ராணிக்கும் வெள்ளைக்கார ராஜாவுக்கும் பிலிப்பைன்ஸ் வம்சாவளி நடிகர் மகனா வருவார், படத்துல யாரும் அத பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாங்க, அது அழகு. 2021ல கமிலா கபேயோ நடிச்சதுல அவளுக்கு டிரஸ் தைக்கற தொழில் பண்ணணும், அதுக்காக இளவரசன் கேட்டும் முதல்ல முடியாதுன்னுடுவா, கடைசில அவன் தான் சிம்மாசனத்த விட்டுட்டு வருவான். நோக்கம் ரொம்ப நல்ல நோக்கம், ஆனா காட்சியா காட்ட வேண்டியத எல்லாம் வசனமா சொல்லிட்டே இருக்காங்க, ஒரு பனி உருண்டைல வர்றது இதுல பத்து பாட்டுலயும் எனக்கு வரல.

சித்திய பாக்கணும்னா 1950, சண்ட போடற சின்ட்ரெல்லா வேணும்னா 1998, அழணும்னா 2015. ஒண்ணே ஒண்ணு தான் பாப்பேன்னா 1973 தான். அக்கா பொண்ணுக்கு போட்டேன், பாஷை புரியாம சப்டைட்டில நான் தான் படிச்சு சொன்னேன். விடுகதை வந்ததும் இளவரசன் முழிக்கறதுக்குள்ள அவ சோபா மேல ஏறி நின்னு பதில கத்திட்டா.