தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் பட்டறைக்குக் கொடுத்து ஏமாந்தேன்

பழைய தேக்குச் சாமான்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளிடம் எதையாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, ஓர் அதிகாரி வீட்டிலிருந்து நீண்ட கைகள் வைத்த, பிரம்பு பின்னிய தேக்குச் சாய்வு நாற்காலியை வாங்கினார். சாகும்வரை மாலையில் அதில்தான் உட்கார்ந்தார். நாற்காலியின் வலது கை நுனியில் அவர் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு சிறு குழி விழுந்திருந்தது. துடைக்கும்போது அம்மா கடைசியாக அந்தக் குழியைத்தான் துடைப்பார்.

பிரம்பு அறுந்து, மெருகும் கறுத்துப்போனதால் சுங்கை காடுட் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய பாலிஷைக் கையால் எடுக்க வேண்டும், அரக்கு பாலிஷ்தான் போட வேண்டும், நாற்காலியின் கைகளில் இயந்திரம் படக்கூடாது என்று நேரிலும் சொன்னேன், தொலைபேசியிலும் சொன்னேன். “கவலை வேண்டாம் அண்ணே, எல்லாம் கைவேலைதான்” என்றார் பட்டறைக்காரர். பேசிய கூலி 680 வெள்ளி. முன்பணம் 400 வெள்ளி. இரண்டு வாரம் என்றது ஏழு வாரமானது.

வந்த நாற்காலி கண்ணாடிபோல் மின்னியது. வலது கையைத் தடவினேன். குழி இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இயந்திர உப்புத்தாளின் சுழிகள் சாயத்துக்கு அடியில் வரிசையாகத் தெரிந்தன. நுனியை அரை அங்குலத்துக்குச் சமமாகச் சீவித் தள்ளியிருக்கிறார்கள். விரிசல்களில் அடைக்கும் பசையான மக்கு அப்பியிருந்தது. பஞ்சை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து இருக்கைக்கு அடியில் வைத்தேன். அரக்காக இருந்தால் இளகிப் பிசுபிசுத்திருக்கும். அது அசையவே இல்லை. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சைத் தெளித்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கைச் சரியாகத் துடைக்காமல் தெளித்ததால், நகத்தால் கீறிய இடத்தில் பூண்டுத் தோல்போல உரிந்து வந்தது.

கேட்டபோது, “பழைய மரம் அப்படித்தான் இருக்கும்” என்றார். ஆத்திரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. உரிந்த பூச்சை இன்னொருவர் சரிசெய்துவிடலாம். சீவிய மரத்தை யார் திருப்பித் தருவது?

கொடுப்பதற்கு முன் அந்த ஸ்பிரிட் சோதனையை நீங்களே செய்து பாருங்கள். இளகினால் அது அரக்கு. ஸ்பிரிட்டும் மெல்லிய எஃகுப் பஞ்சுமே அதை எடுத்துவிடும், மரத்தில் உப்புத்தாள் போடவே தேவையில்லை. அடிபட்டு அமுங்கிய பள்ளமாக இருந்தால் ஈரத்துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். ஆவி ஏறி, நசுங்கிய நார் உப்பி எழும். பழைய துப்பாக்கிகளின் மரக்கட்டையைச் சீர்செய்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். நார் அறுந்திருந்தால் மட்டும் எழாது. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

பட்டறைக்காரரிடம் என்ன பூச்சு, எந்த முறை, இயந்திரம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை, வாய்ப்பேச்சை நம்பினேன். இப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கை என்பதால் எனக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

நாற்காலி முன்பு எப்படி இருந்தது என்று காட்டப் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது, ஒரு தீபாவளியன்று எடுத்தது. அதில் அந்தக் குழி தெரியவில்லை. தாத்தாவின் கை அதன்மேல் இருக்கிறது.